எண்ணிடுவதற்கு முன்

நூலகத்தில் பகுப்பு வேலை என்பது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புத்தகத்தின் முதுகில் ஓர் எண்ணை எழுதி ஒட்டுகிற காரியமாகத் தோன்றும். எண்ணை எழுதுவது அந்த வேலையின் கடைசிக் கணம். அதற்கு முன்னால், இந்த நூல் எதைப் பற்றியது, அந்த விஷயம் எந்த இனத்தைச் சேர்ந்தது, அலமாரியில் அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்கத் தகுந்த உறவினர் யார் யார் என்றெல்லாம் விசாரித்து முடிவு காண்பதே தொழிலின் சாரம். பயிர்நூலுக்கு இந்த விசாரணை வெகுநேரம் பிடிப்பதில்லை. ரஸாயன நூலுக்கும் அப்படியே. ஆராயப்படும் வஸ்து கண்ணெதிரே இருக்கிறது. அதற்குப் பெயரிட்டு வகைப்படுத்திய பெரியோர்கள் பல தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள். ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் என் உத்தியோக காலம் முழுவதையும் பகுப்பாளனாகவே கழித்த எனக்கு, ஓயாமல் சிந்தனை தந்துகொண்டிருந்தவை கணிப்பொறி நூல்களும் தகவல் இயல் நூல்களுமே. இந்தச் சாஸ்திரங்கள் ஆராயும் மூலப்பொருள் யாது என்பதில் அவற்றை உண்டாக்கியவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்தது; புத்தகமோ இன்று மேசைக்கு வந்துவிட்டது, நாளை மாணவன் வந்து கேட்பான், அதற்கு ஓர் இடத்தை இன்றே கொடுத்தாக வேண்டும்.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த நூல்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 இயந்திரம் நிறுவப்பட்ட பிறகு எங்கள் ஆசிரியர்களிடையே கணிப்பொறியைப் பற்றிய பேச்சு பலமாகி, நூல்களுக்கான கோரிக்கைச் சீட்டுகளும் பெருகின. வந்த நூல்களோ நூலகத்தின் மூன்று மூலைகளுக்குப் பிரிந்து போயின. இயந்திரத்தின் சர்க்யூட்டுகளை விவரிக்கும் நூல் மின்னணுப் பொறியியலில், 621.3819இல் நின்றது. சம்பளப் பட்டியல் தயாரிப்பதைச் சொல்லும் நூல் அலுவலக நிர்வாகத்தில், 651.8இல், சுருக்கெழுத்துப் புத்தகங்களுக்கு அருகே நின்றது. கணிப்பு முறைகளைப் பேசும் நூல் கணிதத்துக்குள் புகுந்தது. மெல்வில் டியூயி 1876இல் தம் தசமப் பகுப்பின் முதல் பதிப்பை வெளியிட்டபோது அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பங்கிட்டு முடித்துவிட்டார். பின்னால் பிறந்த சாஸ்திரம் எதுவானாலும், முன்பே குடியிருப்பவர்களிடம் இடம் கேட்டுத்தான் உட்கார வேண்டும். 1971இல் வந்த 18ஆம் பதிப்பு, 'அறிவு' என்ற தலைப்புக்குரிய 001இன் கீழே, 001.6 என்ற ஒரு சிறு பிரிவைத் தரவுச் செயலாக்கத்துக்கென்று ஒதுக்கியது. புள்ளிக்குப் பின்னால் கிடைத்த அந்த ஓர் இலக்கத்துக்குள்ளே மென்பொருள், நிரல்மொழி, நினைவகம், தரவுப் பரிமாற்றம் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொரு நூலின் எண்ணும் முதுகு கொள்ளாமல் நீண்டது.

எண் டியூயியுடையதாக இருந்தாலும் சிந்தனை எனக்கு ரங்கநாதனிடமிருந்து வந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், லண்டனில் பயிற்சி பெறச் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டு வேண்டிய உருவத்தையெல்லாம் பூட்டிக் காட்டும் அந்தப் பெட்டி அவருடைய மனத்தில் ஒரு புதிய பகுப்பு முறைக்கு வித்திட்டது. விஷயங்களை முன்கூட்டியே எண்ணித் தீர்த்துப் பட்டியல் போடாமல், விஷயம் எந்த அடிப்படைக் கூறுகளால் ஆனது என்று பிரித்தறிந்து, அந்தக் கூறுகளைக் கோலன் முதலிய குறிகளால் இணைத்து எண் அமைப்பது அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பின் தத்துவம். எல்லா விஷயங்களும் ஐந்து மூல வகைகளுக்குள் அடங்கும் என்றார்: பர்சனாலிட்டி, மேட்டர், எனர்ஜி, ஸ்பேஸ், டைம்; தமிழில் இவற்றைத் தலைமைப் பொருள், திரவியம், வினை, இடம், காலம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் அவருடைய பரம்பரையில் வந்தவர்களாகையால், எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்த ஐந்தையும் அதில் தேடுவது எனக்குச் சுவாசத்தைப் போலப் பழகிவிட்டது.

ஐந்தில் முதலாவதான தலைமைப் பொருளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பதை ரங்கநாதனே ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் உபாயமும் சொல்லிவைத்தார். காலத்தை முதலில் நீக்கு, இடத்தை நீக்கு, வினையையும் திரவியத்தையும் நீக்கு, எதிலும் அடங்காமல் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே தலைமைப் பொருள். பயிர்நூலில் இந்த உபாயம் அழகாகப் பலிக்கும்: உழுவதையும் நோய் தீர்ப்பதையும் நீக்கிவிட்டால் நெல் எஞ்சும். கணிப்பொறி நூலில் நீக்க நீக்க எஞ்சுவது என்ன? இயந்திரமா, தரவா, நிரலா, அல்காரிதம் என்று சொல்லப்படும் கணிப்புமுறையா?

நிக்லாஸ் விர்த் 1976இல் எழுதிய ஒரு நூல் எங்களிடம் வந்தது. 'அல்காரிதம்ஸ் ப்ளஸ் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஈக்வல்ஸ் புரோகிராம்ஸ்' என்று சமன்பாட்டு வடிவிலேயே அமைந்த அதன் தலைப்பு, இந்தச் சாஸ்திரத்தின் மூலப்பொருள்களை ஆசிரியரே நமக்காகப் பகுத்துக் கொடுத்ததுபோல் இருக்கும். நான் அதை மென்பொருளுக்குரிய 001.642இல் வைத்திருந்தேன். கணிப்பொறித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் அந்த நூலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், இதன் முதல் அத்தியாயமே டேட்டாவைப் பற்றித்தான். கோப்பு, நினைவகம் புஸ்தகமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறதே, இது மட்டும் ஏன் புரோகிராமிங்கில் இருக்கிறது?"

"இரண்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள் சார்," என்றேன். "வரிசைப்படுத்தல். அதையே ஏன் இரண்டு பாகமாகச் சொல்கிறார்?"

அவர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். அந்த அத்தியாயத்தில் எண்களை ஏறுவரிசையில் அடுக்குகிற ஒரே காரியம் இரண்டு தனித்தனிச் சாஸ்திரமாக விரிகிறது. நினைவகத்தில் ஓர் அணியாக இருக்கும் எண்களில் எதை வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் தொடலாம் என்பதால், இடையில் செருகுவதும் இடம் மாற்றுவதும் அங்கே சாத்தியம். காந்த நாடாவில் எழுதிய கோப்பை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகத்தான் படிக்க முடியும்; ஆகவே அங்கே துண்டு துண்டாக அடுக்கி ஒன்றோடொன்று கலந்து இணைக்கும் வழிதான் உண்டு. வினை ஒன்று, திரவியத்தின் அமைப்பு மாறினவுடன் வினையின் முறையே மாறிவிடுகிறது. தரவின் வடிவத்தை அந்த நூல் பேசுவதெல்லாம் முறையைத் தீர்மானிப்பதற்காக; முறையே அதன் நோக்கம். "சரி சார், இங்கேயே இருக்கட்டும்" என்று அவர் நூலைத் தம் பெயரில் எழுதச் சொல்லி எடுத்துப் போனார்.

அன்று அவருக்குச் சொன்ன காரணமே பின்னால் என் சித்தாந்தமாக உறுதிப்பட்டது. ஆலன் நியூவெல், ஆலன் பெர்லிஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் 1967இல் 'சயன்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், கணிப்பொறிகளையும் அவற்றைச் சூழ்ந்த நிகழ்வுகளையும் ஆராய்வதே இந்த விஞ்ஞானம் என்று வாதித்தார்கள். ஆராய வேண்டியது அல்காரிதத்தையே என்ற ஆட்சேபத்தையும் அவர்களே எழுப்பிக்கொண்டு, கணிப்பொறி என்ற சொல்லுக்குள்ளேயே இயந்திரமும் அல்காரிதமும் அடங்கும் என்று பதில் சொன்னார்கள். டொனால்ட் குனூத் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில், அல்காரிதங்களைப் பற்றிய படிப்பே கணிப்பொறி விஞ்ஞானம் என்று விவரிப்பதுதான் தமக்கு உகந்தது என்றார். பகுப்பாளனாக நான் குனூத்தின் பக்கம். இயந்திரம் மாறிக்கொண்டே போகிறது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அது போய் சிலிக்கன் சில்லு வந்தது. இத்தனை மாறுதலுக்கும் அசையாமல் யூக்ளிடின் மீப்பெரு பொதுவகுத்தி காணும் முறை அப்படியே நிற்கிறது; குனூத் தம் பெருநூலின் முதல் தொகுதியைத் தொடங்குவதும் அதைக் கொண்டுதான். நீக்க வேண்டியதையெல்லாம் நீக்கிய பிறகும் எஞ்சுவது எதுவோ அதைத் தலைமைப் பொருள் என்று கொள்வதானால், எஞ்சுவது முறைதான்.

ஆனால் இந்த முடிவை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாதபடி ஒரு விசித்திரம் இந்தச் சாஸ்திரத்தின் அடிவேரிலேயே இருக்கிறது. ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையில் கற்பனை செய்த சர்வகணிப்பொறி, வேறோர் இயந்திரத்தின் வர்ணனையைத் தன் நாடாவில் எழுத்துகளாகப் படித்து, அந்த இயந்திரம் செய்வதையெல்லாம் தானே செய்யக்கூடியது. ஜான் வான் நாய்மன் 1945இல் எட்வாக் இயந்திரத்துக்காக எழுதிய அறிக்கையில், கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில் வாசம் செய்யும் அமைப்பு வகுக்கப்பட்டது. இதன் விளைவு பகுப்பாளனுக்கு மகத்தானது. கம்பைலரைப் பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் ஒரு நிரல்; அது தின்பது மற்றொரு நிரல்; அது உமிழ்வது மூன்றாவது நிரல். தின்னப்படும்போது நிரல் வெறும் தரவு. ஓடும்போது அதுவே வினை நிகழ்த்தும் கர்த்தா. காகிதத்தில் அச்சிட்டு ஒருவர் படிக்கும்போது அதுவே ஒரு பிரதி. திரவியத்துக்கும் வினைக்கும் நடுவே நாம் இட்ட கோடு இங்கே நிற்கவில்லையே என்று நான் பல மாதங்கள் குழம்பியதுண்டு. கல்யாண வீட்டில் ஒரே மனிதர் ஒருவருக்கு மாமனாராகவும் மற்றொருவருக்கு மைத்துனராகவும் இன்னொருவருக்குப் பேரனாகவும் இருந்து, யார் கேட்கிறார்களோ அவர்களுக்கேற்ற மரியாதையைப் பெறுவதுபோல, இங்கே மூல வகை என்பது வஸ்துவோடு ஒட்டிப் பிறந்ததன்று, அந்த நூலில் அது வகிக்கும் ஸ்தானத்தைப் பொறுத்தது என்று தெளிந்த பிறகே குழப்பம் நீங்கிற்று. ரங்கநாதன் முறையின் உள்ளோட்டமும் இதற்கு இணக்கமாகவே இருந்தது. வினை என்று முன்பு கொண்ட பலவற்றை, கோலன் பகுப்பின் 7ஆம் பதிப்பு, பொருளின் குணம் என்று திரவிய வகைக்கு மாற்றி வைத்தது. அவருடைய காலத்துக்குப் பின், 1987இல் வெளிவந்த பதிப்பு அது.

தகவல் என்ற பொருளைக் கையாளுவது இதைவிடக் கடினம். கிளாட் ஷானன் 1948இல் வகுத்த கோட்பாட்டில், அனுப்பக்கூடிய செய்திகள் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதில் எவ்வளவு நிச்சயமின்மை நீங்குகிறதோ அதுவே தகவலின் அளவு. செய்தியின் அர்த்தம் தம் பொறியியல் பிரச்சினைக்குச் சம்பந்தமற்றது என்று அவர் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார். நூலகனோ அர்த்தத்துக்காகவே உயிர் வாழ்பவன். வாசகர் கேட்கும் விஷயத்துக்கும் நூல் சொல்லும் விஷயத்துக்கும் பொருத்தம் காண்பது அவனுடைய தர்மம். டியூயியின் 19ஆம் பதிப்பில் தகவல் கோட்பாட்டுக்கு 001.539, நூலக இயலுக்கு 020. இரண்டையும் ஓர் அலமாரியில் வைக்க வேண்டும் என்று எங்கள் வாசகர்கள் சிலர் விரும்பினார்கள்; நான் இணங்கவில்லை. ஒன்று அளவிடுவது சமிக்ஞைகளின் சாத்தியத்தை, மற்றொன்று ஆராய்வது ஆவணத்தின் உள்ளடக்கத்தை. அளக்கப்படும் வஸ்துவே வேறு.

ஆவணம் என்றால் எது என்பதற்கு, பிரெஞ்சு நூலகர் சூஸான் பிரியே 1951இல் தந்த விளக்கம் என் மனத்தை விட்டு அகலாதது. காட்டில் ஓடித் திரியும் மான் ஆவணம் ஆகாது. பிடித்து மிருகக்காட்சிசாலையில் வைத்து, வகைப்படுத்தி, ஆராய்ச்சிக்குரிய சான்றாக ஆக்கிவிட்டால் அதே மான் ஆவணம் ஆகிவிடுகிறது. மைக்கேல் பக்லண்ட் 1991இல் இந்தச் சிந்தனையை மேலும் எடுத்துச் சென்று, தெரிவிக்கும் செயலாகிய தகவல், தெரிந்துகொண்ட அறிவாகிய தகவல், கையில் பிடிக்கக்கூடிய வஸ்துவாகிய தகவல் என்று மூன்றாகப் பிரித்து, நூலகங்களும் கணிப்பொறிகளும் நேராகக் கையாளுவது மூன்றாவதை மட்டுமே என்று காட்டினார். அந்தக் கட்டுரையைப் படித்த மாலையில், வருஷக்கணக்காக நான் செய்துவந்த வேலைக்கு ஒருவர் இலக்கணம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்ற பரவசம் எனக்கு உண்டாயிற்று.

டியூயியின் பதிப்பாளர்கள் 1985இல் 004, 005, 006 ஆகிய மூன்று எண்களையும் கணிப்பொறிக்கே முழுவதாகத் தந்து ஒரு தனி அட்டவணை வெளியிட்டார்கள். 1989இல் வந்த 20ஆம் பதிப்பில் அது நிலைபெற்றது. இயந்திரமும் வலைப்பின்னலும் 004, நிரலும் தரவும் 005, செயற்கை அறிவு, வரைகலை போன்ற விசேஷ முறைகள் 006. எங்கள் நூலகத்தில் பழைய எண்களை மாற்றும் பணி என் தலைமையில் நடந்தது. ஒவ்வொரு நூலுக்கும் பட்டியல் அட்டைகளை இழுப்பறைகளிலிருந்து உருவி, பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்துப் புதிய எண்ணை மேலே எழுதி, சேர்க்கைப் பதிவேட்டிலும் திருத்தி, முதுகுச் சீட்டை ஈரத் துணியால் ஊற வைத்து உரித்துப் புதிய சீட்டை ஒட்ட வேண்டும். கை வேலைக்கு உதவியாட்கள் இருந்தார்கள், ஆனால் 001.642 என்றிருந்ததையெல்லாம் இயந்திரத்தனமாக ஒரே எண்ணுக்கு மாற்றிவிட முடியாது. தரவு அமைப்பா, அப்படியானால் 005.73, தரவுத்தளமா, 005.74, கம்பைலரா, 005.453. ஒவ்வொரு நூலையும் திறந்து பொருளடக்கத்தையும் முன்னுரையையும் படித்துத்தான் முடிவு செய்தேன். டூரிங்கின் இயந்திரத்தைக் கணிதப் பொருளாக ஆராயும் நூல்களை மட்டும் 511.3இலேயே, கணிதத் தர்க்கத்தோடு விட்டுவைத்தேன். அவற்றின் வாசகர்கள் அங்கேதான் தேடுவார்கள்.

அமெரிக்காவின் கணிப்பொறிச் சங்கமாகிய ஏ.சி.எம்., நூலகர்களை எதிர்பாராமல் தன் துறைக்குத் தானே ஒரு பகுப்பைச் செய்துகொண்டது. 1982இல் அது அமைத்த அட்டவணையில் பதினொரு தலைப்புகள். வன்பொருள், மென்பொருள் ஆகியவற்றோடு சமமாகத் 'தரவு' என்பதும் ஒரு தலைப்பு. அதன் கீழே தரவு அமைப்பு, சேமிப்பு, மறையாக்கம், குறியீட்டுக் கோட்பாடு, கோப்பு என்று ஐந்து பிள்ளைகள். 2012இல் அந்த அட்டவணையைப் புதுப்பித்தபோது தரவு என்ற தலைப்பு மேல்தட்டிலிருந்து மறைந்தே போயிற்று: மறையாக்கம் பாதுகாப்புக்குப் போனது, குறியீட்டுக் கோட்பாடு கணிதத்துக்குப் போனது. உலகமே தரவு தரவு என்று பேசத் தொடங்கிய காலத்தில் தரவின் பெயரை நீக்கினார்களே என்று நண்பர் ஒருவர் ஆச்சரியப்பட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. திரவியம் எல்லா அறைகளிலும் பரவி நிற்கும்போது அதற்கென்று ஒரு தனி அறை எதற்கு?

இவையெல்லாம் மனிதர் வசதிக்காக வகுத்த பிரிவுகள். இந்தச் சாஸ்திரத்துக்குள்ளேயே, அது ஆராயும் பொருள்களை நிரூபணத்தோடு வகுத்த பிரிவுகளும் உண்டென்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. நோம் சாம்ஸ்கி 1956இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக மொழிகளின் இலக்கணங்கள் நான்கு படிகளில் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் அதை அறியவல்ல ஓர் இயந்திரம் உண்டு, ஒரு படிக்குரிய இயந்திரத்தால் மேற்படியை முழுவதும் எட்ட முடியாது. திறந்த அடைப்புக்குறிகள் எத்தனை ஆழம் போனாலும் அத்தனையும் மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் எளிய வேலைகூட, எண்ணற்று நீளும் நினைவு இல்லாத கீழ்ப்படி இயந்திரத்துக்கு அசாத்தியம் என்பது அபிப்பிராயமன்று, தேற்றம். ஒரு தாவரம் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் நிபுணர்கள் நாளை மனம் மாறலாம். இந்தப் படிகளின் வேற்றுமை மாறாது. அதே சமயம், ஸ்டீபன் குக் 1971இல் எழுப்பிய கேள்வியால் பிரிந்து நிற்கும் இரண்டு வகுப்புகள், பி என்பதும் என்.பி. என்பதும், உண்மையில் ஒன்றா இரண்டா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. இவ்வளவு உறுதியும் இவ்வளவு திறந்த வினாவும் ஒரே பகுப்பில் அருகருகே இருப்பதை வேறெந்த அலமாரியிலும் நான் கண்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய நூலகத்துக்குப் போவதுண்டு. பகுப்பு மேசையில் இப்போது இருக்கும் பெண் சந்தேகம் வந்தால் கேட்பார். சமீபத்தில் அவர் கேட்டது, பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலைகளைப் பற்றிய ஒரு நூலைக் குறித்து. நரம்பு வலைகளுக்கு 006.32 என்ற எண் தயாராக இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. "ஐயா, கடைசியில் அந்த மாடல் என்பது கோடிக்கணக்கான எண்கள் அடங்கிய ஒரு கோப்புதானே? அதைத் தரவு என்று சொல்வதா, நிரல் என்று சொல்வதா?" என்றார். அந்த எண்களை எந்த மனிதரும் கட்டளையாக எழுதவில்லை; தரவைத் தின்ற ஒரு முறை அவற்றை ஈன்றிருக்கிறது; ஈன்றெடுத்த எண்களோ ஓடும்போது நிரலைப் போலவே விடையளிக்கின்றன. நூலின் பொருளடக்கத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். முக்கால் பங்கு, எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திப் பிழையைக் குறைக்கும் கணிப்புமுறைகளைப் பற்றியது. எஞ்சிய பகுதி, அந்தக் கோப்பைச் சுருக்கிச் சிறிய இயந்திரங்களில் ஏற்றுவதைப் பற்றியது. முதற்பகுதியில் மாடல் என்பது முறையின் விளைபொருள், பின்பகுதியில் அதுவே திரவியம் என்றேன். எண் 006.32ஆகவே நின்றது; சுருக்குதலையும் சிறிய இயந்திரங்களையும் தேடி வருகிறவர்களுக்காக அவர் பட்டியலில் இரண்டு கூடுதல் பொருள் தலைப்புகளைச் சேர்த்துவிட்டு, அடுத்த நூலை எடுத்தார்.